நாடாவின் கடைசி ஐந்து நொடி

வகுப்பறை ஜன்னல்களைக் கம்பளிகளால் மூடியிருந்தோம். சனிக்கிழமை மதியம், வெளியே நல்ல வெயில். உள்ளே போளூரிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கலர் டிவி, அதன் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக், எதிரே தரையில் நெருக்கியடித்துக்கொண்டு ஊரில் பாதிப் பேர். மலைமேல் ஜமுனாமரத்தூரில் அதற்கு முன் எத்தனையோ படம் போட்டிருக்கிறோம், இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எங்கள் பள்ளிச் சமையல் அக்கா, தான் பாடியதாகச் சொன்ன பாட்டு வரும் நேரம் நெருங்கியதும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவரோரம் நின்றார். திரையில் நான்கு பெண்கள் உலக்கை பிடித்துச் சாமை குத்தத் தொடங்கினார்கள். பாட்டு ஆரம்பித்தது. அந்தக் குரல் அக்காவுடையது இல்லை.

வானொலியில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய, பெயர் பெற்ற ஒரு பாடகியின் குரல் அது. சுத்தமான, வழவழப்பான குரல். அக்கா முதலில் திரையைப் பார்த்தார், பிறகு டெக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. அக்காவின் கணவருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், ஊர்க் காரியம் எதுவானாலும் முதலில் வந்து நிற்பவர். அவர் சிரிக்கவில்லை. பாட்டு முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, “இத்த காட்டத்தான் ஊரையே கூட்டியாந்தியா?” என்று கேட்டார். அக்கா சமையற்கட்டுக்குப் போய்விட்டார். விடுதியில் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு அன்று மாலைச் சோறு ஆக வேண்டியிருந்தது.

நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. வயதானால் மனசு ஆறிவிடும் என்கிறார்கள், எனக்கு ஆறவில்லை. சென்ற மாதம் அந்தப் படத்தின் இசையமைப்பாளருக்குச் சென்னையில் பாராட்டு விழா நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே பாட்டை ஒரு இளம்பெண் மேடையில் பாடினாள். அவர் மாலையும் கழுத்துமாகக் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த மெட்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, மலைக்குப் போயிருந்தபோது காற்று பாடிக் கொடுத்தது என்றார். அரங்கம் கை தட்டியது. காற்று பாடவில்லை ஐயா, சாமை குத்திக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பெண் பாடினாள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

நடந்தது இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் அருவிப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்தது. நான் அப்போது அந்த ஊரில் இல்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் உலக்கை போட்டபடி பாடியதை இசையமைப்பாளர் நின்று கேட்டார். மறுநாளும் வந்து கேட்டார். சென்னைக்கு வந்து இதையே பாட வேண்டும் என்று கம்பெனி ஜீப்பை அனுப்பினார். அக்காவின் அப்பா அந்த வாரம் அமிர்தியில் வனத்துறை மூங்கில் வேலையில் இருந்தார். ஆள் விட்டுச் சேதி சொல்லி, கண்ணமங்கலத்தில் அவர் வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஊர் பார்த்தது என்னவோ, கல்யாணம் ஆகாத ஒரு பெண் சினிமாக்காரர்களோடு தனியாக ஜீப்பில் ஏறிப் போனதைத்தான். நான்கு நாள் கழித்துத் திரும்பும்போதும் அப்பா கண்ணமங்கலத்திலேயே இறங்கி வேலைக்குப் போய்விட, மகள் மட்டும் ஊர் வந்து சேர்ந்தாள். அந்தப் படம் போளூரில் ஓடியபோது ஊரிலிருந்து ஐந்தாறு பேர் போய்ப் பார்த்தார்கள். திரையில் அக்காவின் குரலைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். படம் பார்த்த ஐந்தாறு பேரில் சிலர் அவருக்குப் பின்னாலேயே போனார்கள், மீதிப் பேருக்கு எந்தப் படத்தில் எந்தப் பாட்டு என்பதே கலங்கிவிட்டது.

அக்காவின் மாமனார் வீட்டில் அந்த நான்கு நாளை யாரும் மறக்கவில்லை. கணவரின் அண்ணனுக்குத் தம்பி தன் பேச்சை மீறி அக்காவைக் கட்டிக்கொண்டார் என்ற கோபம். நல்லது கெட்டது எது வந்தாலும், பாடப் போனாளாம், பாட்டு எங்கே, என்று ஒரு வார்த்தை விடுவார். கணவர் வாயில்லாப் பூச்சி, அண்ணன் எதிரில் நிமிர்ந்து பேசமாட்டார். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு அக்கா இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். எண்பதுகளின் நடுவில் அந்தப் படம் வீடியோ கேசட்டாக வந்துவிட்டது என்று பேச்சுவாக்கில் நான்தான் அவரிடம் சொன்னேன். நான் அந்த உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீடியோ, டேப் ரெக்கார்டர் என்றால் எனக்குக் கிறுக்கு என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கேசட்டைக் கொண்டுவாருங்கள், எல்லோரையும் நான் கூப்பிடுகிறேன் என்றார் அக்கா. கொண்டுவந்தேன். போட்டுக் கேட்டுப் பார்க்காமல் கொண்டுவந்தேன்.

அதுவரை ஊர் சந்தேகப்பட்டது, அதற்குப் பிறகு முடிவே கட்டிவிட்டது. அந்த ஆண்டு அம்மன் திருவிழாவில் பொங்கல் பானையில் கை வைக்கப் போன அக்காவைப் பெரிய மாமா, கணவரின் அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். பானையை வேறொருத்தி தூக்கினாள். மறுநாள் காலை பள்ளியில் எனக்கு இட்லி வைத்துவிட்டு அக்கா நகராமல் நின்றார்.

“அந்தப் படத்துல கீற என் தொண்டைய எவனோ எடுத்துட்டான் சார். கேசட்ட கொண்டாந்தது நீங்கதான? நீங்கதான் திருப்பி வெக்கணும்.”

ஊர் வாயை அடைக்கத்தானே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். “ஊரு கெடக்குது. பெரிய மாமாவ முன்னால குந்த வெச்சு நான் பாக்கணும்.”

அதை எப்படிச் செய்வது என்பது எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். போளூர்த் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவர் எனக்குக் கூட்டாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புரொஜக்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் இன்னொரு ஒயரை முடிந்து, ஓடிய படங்களின் சத்தத்தை முழுக்கப் பெரிய ஸ்பூல் நாடாவில் எடுத்து வைத்திருப்பார். விற்கவோ வாடகைக்கு விடவோ இல்லை, வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு. வீடியோ கேசட் வந்த பிறகு அதில் படத்துக்குப் படம் சத்தம் கெட்டுக் கிடந்தது. ஒரு ரீல் முழுக்க இரைச்சல், ஒரு ரீலில் வசனமே கேட்காது, சில படத்தில் பாட்டை இசைத்தட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். டெக்கில் படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் மாற்றிப் பதிய ஒரு பொத்தான் உண்டு. ஞாயிறுதோறும் நான் பேருந்தில் மலையிறங்கிப் போவேன். இரண்டு பேரும் உட்கார்ந்து, கேசட்டில் கெட்டுப்போன இடங்களில் அவர் நாடாவிலிருந்து தியேட்டரில் கேட்ட அசல் சத்தத்தைப் பதிந்து சேர்ப்போம். ஒரு படத்தைச் சரியாக்க மூன்று மாதம் ஆனதுண்டு. எங்களைப் பார்த்து அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தப் படத்தின் நாடா அவரிடம் இருந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மாட்டி ஓடவிட்டார். உலக்கைச் சத்தத்தோடு அக்காவின் குரல் வந்தது. கரடுமுரடான, மேலே போகும்போது ஒரு இடத்தில் உடைந்து சேரும் குரல். நான் எழுந்து நின்றுவிட்டேன். கேசட் எடுத்த படச்சுருளில் அந்த ரீலின் அசல் ஒலி பழுதாகியிருக்கும், கையில் கிடைத்த இசைத்தட்டை எடுத்துப் போட்டிருப்பார்கள், இதில் சூது ஒன்றும் இல்லை என்று ஆபரேட்டர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இசைத்தட்டுக்கு ஏன் வேறொருத்தியைப் பாட வைத்தார்கள், உறையில் இந்தப் பெண்ணின் பெயரை ஏன் போடவில்லை என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த இசையமைப்பாளரின் முகத்தில் இந்தப் பாட்டை ஒருநாள் எறிவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கிளம்பும்போது ஆபரேட்டர் நாடாவை என் கையில் கொடுத்து ஒன்று மட்டும் சொன்னார். “இன்னா வேணா பண்ணுங்க சார். பிளேடு மட்டும் வெக்காதீங்க.”

அவருடைய டேப் மெஷினையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். பாடியவரே பக்கத்தில் இருந்தால் வேலை சரியாக வரும் என்பது என் எண்ணம். ஆசிரியர் அறையில் வைத்து, திரையில் முதல் உலக்கை விழும் நேரத்தில் நாடாவையும் ஓடவிட்டோம். முதல் அடி பொருந்தியது. பாட்டு முடியும்போது படத்தில் உலக்கை ஓய்ந்துவிட்டது, நாடாவில் இன்னும் ஏழெட்டு நொடி குத்திக்கொண்டிருந்தார்கள். சினிமாவில் நொடிக்கு இருபத்து நான்கு படம் ஓடும், டிவியில் இருபத்தைந்து. வீடியோவில் எல்லோரும் கொஞ்சம் அவசரமாகத்தான் நடப்பார்கள், அவசரமாகத்தான் பாடுவார்கள். இதற்கு ஆபரேட்டர் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. டேப் மெஷினில் நாடாவை இழுக்கும் சின்ன இரும்புத் தண்டில் செல்லோ டேப்பைச் சுற்றினால் தண்டு மயிரிழை தடிக்கும், நாடா அந்த அளவுக்கு வேகமாக ஓடும். ஒரு சுற்று போதவில்லை. மூன்று சுற்று அதிகமாகிவிட்டது. இரண்டு சுற்றும் கொஞ்சமும் என்று வைத்தபோது கடைசி உலக்கை வரைக்கும் அடி அடியாக உட்கார்ந்தது.

அக்கா சமையலுக்கு நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வந்து கேட்டார். எந்த இடத்தில் மூச்சு வாங்கினோம் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வரிக்கு நடுவில் நாடா துள்ளி ஒரு இடைவெளி விழுந்தபோது, “இங்க நான் மூச்சு எடுக்கல சார்” என்றார். நாடா உரசி ஓடும் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், இடைவெளி போய்விட்டது. வேகம் கூட்டியதில் குரல் ஒரு நூல் மெலிந்திருந்தது. அதையும் கண்டுபிடித்துவிட்டு, அந்த வயதில் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று சிரித்தார். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மூன்று சனிக்கிழமை இப்படிப் போயிற்று. கடைசிச் சனிக்கிழமை இறுதியாகப் பதிய வேண்டிய நேரத்தில் மணி நான்காகிவிட்டது. உலை வைக்க வேண்டும், நீங்கள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முடித்தேன். அதுவரை கடைசி உலக்கையோடு நாடாவை நிறுத்திவிடுவோம், இந்தத் தடவை நிறுத்தாமல் விட்டதில், பாட்டு ஓய்ந்த பிறகு ஒரு கரகரப்பும், அதற்குள் யாரோ முணுமுணுப்பதும் கேட்டது. ஏதோ பெண் ஒருத்தி, ஏதோ ஆண் ஒருவர், அவ்வளவுதான். புரொஜக்டர் அறையில் ஆபரேட்டரிடம் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒயரில் நேராக எடுத்த நாடாவில் அறைப் பேச்சு எப்படி விழும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. மூன்று வாரம் உழைத்துப் பளபளவென்று ஆக்கிய பாட்டின் வாலில் அந்த அழுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பிளேடை எடுத்து, கடைசி உலக்கை அடிக்குச் சற்றுத் தள்ளி நாடாவை வெட்டி, அந்த ஸ்பூலில் மிச்சம் இருந்த நாலைந்து கஜத்தை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு, வெட்டிய இடத்தில் சத்தமில்லாத வெள்ளை நாடாவை ஒட்டி, மறுபடி கேசட்டில் பதிந்தேன். பாட்டு முடிந்ததும் துடைத்துவிட்டதுபோல் அமைதி. அதைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே வகுப்பறை, அதே கம்பளிகள். இந்தத் தடவை அக்கா கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை, சிரிக்கலாம் என்றே வந்தவர்கள் அதிகம். உலக்கை விழுந்தது. குரல் வந்தது. இரண்டாவது வரியில் அந்தக் குரல் உடைந்து சேர்ந்தபோது பெண்கள் பக்கம் சலசலப்பு. இது நம்ம அக்கா குரல்தான் என்று முதலில் சொன்னது, சென்ற முறை களுக்கென்று சிரித்தவள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பெரிய மாமாவின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் டெக்குக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் முகம் மாறவில்லை. பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்தார்.

“கொரலு அவுளுதுதான்” என்றார். “யாரு இல்லன்னா? நாலு நாளு கூட யாரு இருந்தாங்கன்றதுதான கேள்வி. அவ அப்பன் அமிர்தில மூங்கிலு வெட்டிட்டு இருந்தான்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார். படத்தில் அடுத்த காட்சி வந்துவிட்டது. நான் துடைத்து வைத்த அமைதி ஓடி முடிந்துவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று மட்டும் எனக்குப் புரிந்தது, எதை என்று புரியவில்லை. கூட்டம் எழுந்து கலைந்தது. பாடப் போனதும் உண்மை, தனியாகப் போனதும் உண்மை என்று ஊர் இப்போது புதிதாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. முன்பு பொய்க்காரி என்ற பெயரோடு போயிருக்கும், நான் உதவி செய்ததில் அதைவிடக் கேவலமான பெயர் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, “எங்கப்பா எங்க சார்?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். சென்னையில் பாடி முடித்ததும், இன்னும் பதிவு ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டார். அப்பா ஒரு வார்த்தை பதில் சொன்னார். சாமை குத்தும் காட்சிக்கு அது பொருத்தமாக இருக்கிறது என்று படத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். போளூர்த் தியேட்டரில் அதைக் கேட்டு அப்பா வெட்கப்பட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாராம். நாடாவில் இருந்தது அதுதான். நான் ஜன்னல் வழியாகப் போட்டதும் அதைத்தான்.

ஜன்னலுக்குப் பின்னால் ஓடிப்போய்த் தேடினேன், ஒன்றும் இல்லை. எந்த நிறத்தில் இருக்கும் என்று அக்கா பின்னாலேயே வந்து கேட்டார். மரக்கலரில் பளபளப்பாக, விரல் நகத்து அகலத்துக்கு, என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைச் சமையற்கட்டின் பின்புறம் அழைத்துப் போனார். அங்கே பள்ளிக்காக அவர் போட்டிருந்த கீரைப் பாத்தி. குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி அந்த நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார். காற்றடித்தால் அது விர்ரென்று அதிரும், குருவி கிட்டே வராது. கீழே கிடந்ததை வீணாக்குவானேன் என்று போன ஞாயிறே எடுத்துக் கட்டிவிட்டாராம். ஒரு வாரமாக வெயிலிலும் பனியிலும் நின்று அது அங்கே அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தோம். நான் ஒரு முடிச்சைப் பல்லால் கடிக்கப் போனபோது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவரே அவிழ்த்தார். அங்கே வைத்துத்தான் சொன்னார், “அந்தப் பாட்டுக்காரன் என் தொண்டையதான் எடுத்தான் சார். நீங்க எங்கப்பன எடுத்துட்டீங்க.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கே போளூருக்கு இறங்கினேன். ஆபரேட்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். முடிச்சு விழுந்த இடங்களில் நாடாவின் பூச்சு உதிர்ந்திருந்தது. எந்த முனை முன், எந்த முனை பின் என்பதே தெரியவில்லை. வழித்து, துடைத்து, நேராக்கி, இருபுறமும் ஒட்டிப் போட்டுக் கேட்டார். முதலில் வெறும் கரகரப்பு. திருப்பி ஒட்டினார். அதன் நடுவிலிருந்து ஒரு பெண் “போதுமாப்பா?” என்று கேட்டாள். “போதும், வா கண்ணு” என்று ஒரு ஆண் குரல் சொன்னது. ஐந்து நொடிதான். முடிச்சுகளுக்கு நடுவில் அது எப்படியோ தப்பியிருந்தது. அதையும் சேர்த்துக் கேசட்டில் மறுபடி பதிந்தோம்.

மூன்றாவது தடவை படம் போட்டபோது ஏற்பாடு முழுக்க அக்காவுடையது. ஆபரேட்டரையே மலைக்கு வரச்சொல்லி டெக்கிடம் உட்கார வைத்தார். பெரிய மாமாவை அவரே வீட்டுக்குப் போய் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். நான் வழக்கம்போல் டெக் பக்கம் நிற்கப் போனேன். “நீங்களும் கீழ குந்துங்க சார்” என்றார், “மாமா பக்கத்துல.” பிள்ளைகள், பெற்றோர், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்தது. கரகரப்பு வந்தது. அதற்குள்ளிருந்து மகள் கேட்டாள், அப்பா பதில் சொன்னார். அக்காவின் அப்பா, உயிரோடு இருந்த நாளில், மலையின் ஒரு முகட்டில் நின்று அடுத்த முகட்டில் இருப்பவர்களுக்குக் கூப்பிட்டுச் சேதி சொல்லும் ஆள். சாவு, கல்யாணம், பஞ்சாயத்து எதுவும் அவர் குரலில்தான் ஊருக்கு எட்டும். அந்தக் குரல் யாருடையது என்று அந்த அறையில் பெரியவர்கள் ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் வாய் திறந்தவர் அக்காவின் கணவர். “எம் மாமனாரு கொரலு” என்றார். அண்ணனுக்கு எதிரில் அவர் தானாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். திருப்பிப் போடச் சொன்னார் அக்கா. ஆபரேட்டர் திருப்பிப் போட்டார். மறுபடி உலக்கை, மறுபடி பாட்டு, மறுபடி அப்பா. மூன்றாவது தடவைக்குப் பெரிய மாமா எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா கதவை மறித்து நின்றிருந்தார். “குந்துங்க மாமா. பன்னண்டு வருசமா கேட்டீங்களே, நல்லா கேட்டுட்டுப் போங்க.” குரல் உயரவே இல்லை. அவர் உட்கார்ந்தார். மொத்தம் ஏழு தடவை போட்டோம். ஐந்தாவது தடவைக்கு மேல் அறையில் யாரும் அசையவில்லை. பக்கத்தில் அந்த மனிதரின் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எனக்கு அவர்மேல் துளியும் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல்கள் வருவதற்குச் சற்று முன்னால், என் பிளேடு பட்ட இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அது யாருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கும் அக்காவுக்கும் ஆபரேட்டருக்கும் கேட்டது.

அடுத்த திருவிழாவுக்குப் பானை தூக்க வரும்படி ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். கூப்பிட வேண்டியவர் வந்து கூப்பிடட்டும் என்று அனுப்பிவிட்டார் அக்கா. மறுநாள் காலை பெரிய மாமாவே புதுப்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிச் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றார் அக்கா. நூற்றைம்பது பேரும் பந்தி பந்தியாகச் சாப்பிட்டு எழுந்து, தட்டுக் கழுவி அடுக்கி, அடுப்படி மெழுகி முடிக்கும்வரை அந்த மனிதர் பானையைக் கீழே வைக்க இடம் இல்லாமல் நின்றார். ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து நான் அதை ஆசை தீரப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்குக் கொடுத்த தண்டனை வேறு மாதிரி. நான் மாற்றலாகிப் போகும்வரை மூன்று ஆண்டு எனக்குச் சோறு குறையவில்லை, மரியாதை குறையவில்லை. பேச்சுதான் நின்றுவிட்டது. சமையற்கட்டில் உலக்கை பிடிக்கும்போது பாடிக்கொண்டிருப்பவர், நான் அந்தப் பக்கம் வந்தால் நிறுத்திவிடுவார். ஸ்பூல் நாடாவை ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார், அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். நாங்கள் சத்தம் மாற்றிய வீடியோ கேசட் என்னிடம் இருந்தது. பெட்டியில் வைத்தே பூஞ்சை பிடித்து ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. ஆபரேட்டரும் இப்போது இல்லை. அந்தப் பாட்டின் அசல் குரல் உலகத்தில் எங்காவது மிச்சம் இருந்தால் அது அக்காவின் வீட்டில் மட்டும்தான்.

பாராட்டு விழாவைப் பார்த்த மறு வாரம் மலையேறினேன். பேருந்து இப்போது நேராகப் போகிறது, ஊரில் கடைகளும் கட்டடங்களுமாக இடம் தெரியவில்லை. அக்காவுக்கு எழுபது இருக்கும். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைப் படபடவென்று சொன்னேன். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், காற்று பாடியது என்கிறார், நாடாவைக் கொடுங்கள், கம்ப்யூட்டரில் ஏற்றி ஊர் உலகமெல்லாம் கேட்கும்படி செய்கிறேன், அவர் மாலையோடு உட்கார்ந்திருக்கும்போதே கேட்கட்டும் என்றேன். அக்கா கொட்டையும் புளியுமாகப் பிரித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எனக்கு யாருகிட்ட தீத்துக்கணுமோ தீத்துக்கிட்டேன் சார். அந்த ஆளு உங்களுக்குத்தான் உறுத்துறாரு.”

நாடா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். என் கையில் தரமாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். இப்போது காலம் மாறிவிட்டது, பிளேடு என்ற பேச்சே இல்லை, கரகரப்பை மட்டும் நீக்கிக் குரலைத் தனியாக எடுக்க நல்ல வழிகள் வந்துவிட்டன, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். அவர் நிமிர்ந்து, கீரைப் பாத்தி நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்தார்.

“அன்னிக்கும் நல்லதுக்குன்னுதான சார் வெட்டுனீங்க?”

அவர் மருமகள் சோறு போட்டாள். சாப்பிட்டேன். உள்ளே எந்தப் பெட்டியில், எந்தப் பரண்மேல் அது இருக்கிறது என்று என் கண் தேடிக்கொண்டே இருந்தது, அதை அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவரே சொன்னார். இறங்கி வரும் வழியில் ஓட்டுநர் வைத்த பாட்டுகளுக்கு நடுவில் அந்தப் பாட்டும் வந்தது, பெயர் பெற்ற பாடகியின் குரலில். கடைசி உலக்கை அடிக்குப் பிறகு சுத்தமாக முடிந்து, அடுத்த பாட்டு தொடங்கியது.